மின்மூளை தந்த தீர்ப்பு

தமிழ் ஆராய்ச்சியின் இருண்ட காலம் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு, மட்டக்களப்பில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் முடிவுக்கு வந்தது. பொழுது சாயுமுன்னரே மீண்டும் தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆரையம்பதிப் பண்டிதர் நல்லரத்தினம் அன்று சலவை வேட்டியுடன் மண்டபத்தின் முன்வரிசையில் இருந்தார். 'வாவிமகள் காவியம்' முழுவதையும் ஒரே புலவர் பாடினார் என்பது அவர் கட்சி. பிற்பாதி வேறொருவர் ஒட்டியது என்பது சில்வெஸ்டர் மாஸ்டரின் கட்சி. இதற்காக ஆளுக்கொரு ஆராய்ச்சி நூல் எழுதி, ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகாமல், இருவரும் தமிழை வளர்த்து வந்தார்கள்.

வழக்கைத் தீர்க்க இலக்கிய மன்றம் கொழும்பிலிருந்த ஒரு 'மின்மூளை'யை, அதாவது அந்நாளைய கணினியை, நாடியது. அதை இயக்குபவர் ஓட்டமாவடி முஹம்மட். காவியத்தை எழுத்தெழுத்தாக அட்டைகளில் துளைகளாகக் குத்தி இயந்திரத்துக்கு ஊட்டியிருந்தார். காவியத்தில் ஓட்டை கண்டவர் பலர். காவியத்தையே ஓட்டையாக்கியவர் அவர் ஒருவரே.

"சொல்லுச் சொல்லா ஒப்பிட்டுப் பாத்தாச்சு. முழுக்க ஒரே ஆள்ட கைதான்" என்றார், முடிவோடு மட்டக்களப்புக்கு வந்திருந்த முஹம்மட்.

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. "இது மெசினில்ல, கலைமகள்!" என்று துள்ளி எழுந்தார்.

"மெசின் சரியாத்தான் சொல்லுதெண்டு என்ன சாட்சி?" மாஸ்டர் விடவில்லை.

முஹம்மட் தலையைச் சொறிந்தார். "அதுக்கும் ஒரு சோதினை வெச்சன் மாஸ்டர். ரெண்டு வேற ஆக்கள் எழுதின புத்தகம் வேணுமே? உங்கடதையும் பண்டிதர் ஐயாடதையும் குடுத்தன்."

"என்ன சொல்லிச்சு?"

"ரெண்டையும் ஒரே ஆள்தான் எழுதினதாம்."

துள்ளி எழுந்த பண்டிதர் மெல்ல உட்கார்ந்தார். இயந்திரம் சரியென்றால் காவியம் தப்பும், அவர் மாட்டுவார். பிழையென்றால் அவர் தப்புவார், காவியம் இரண்டாகும். தம் ஆராய்ச்சி நூலுக்குப் பக்கம் பக்கமாய்க் கைகொடுத்த, அட்டை கிழிந்த ஒரு பழம்புத்தகம் அவர் நினைவில் படபடத்தது. மாஸ்டரிடமும் அதன் பிரதி இருக்குமென்று அவர் கனவிலும் எண்ணியதில்லை.

"மூண்டாவதா ஒருவர்ட புத்தகம் எங்கயோ இரிக்கி போல," என்றார் முஹம்மட் உற்சாகமாக. "தேடித் தந்தா அதையும் ஊட்டிப் பாக்கலாம்."

"வேணாம்!" என்றார்கள் இருவரும், வாழ்நாளில் முதன்முறையாக ஒரே குரலில்.

அங்கேயே ஒரு தீர்மானம் வந்தது: "மின்மூளை இலக்கியத்தை ஆராயலாம், இலக்கிய ஆராய்ச்சியாளரை ஆராயலாகாது." பண்டிதர் பிரேரித்தார். மாஸ்டர் ஆமோதித்தார். மன்றத்தின் மற்ற அறிஞர்களோ, தலைவர் கேட்குமுன்னரே, ஆளுக்கு இரண்டு கையையும் உயர்த்தினார்கள்.