வேண்டாம் என்றால் பத்துப் புள்ளி

தண்ணீர் மோட்டார் விற்கும் அந்த நிறுவனத்தில், விற்பனையைப் பெருக்கும் உன்னத நோக்கத்தை முன்னிட்டு, எல்லார் போனிலும் ஒரு செயலி ஏற்றப்பட்டது. வாங்கக்கூடியவர் என்று தோன்றுகிற ஒவ்வொருவர் பெயரும் அதில் ஏற வேண்டும். அவரைப் போனில் துரத்த வேண்டும். அவர் "வேண்டாம்" என்றால் பத்துப் புள்ளி, ஏனென்றால் அவரை மறுபடியும் துரத்தலாம். வாங்கிவிட்டால் ஒரே ஒரு புள்ளி, அதோடு அவர் கதை முடிந்தது. மாதக் கடைசியில் நூறு புள்ளி சேராதவர் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

இருபது வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கி விற்றவர் தேன்வாய். பெயர் வைத்தது சக ஊழியர்கள்தான். இந்த மாதம் பதினோரு மோட்டார் விற்று, பதினோரு புள்ளியோடு பரிதாபமாக நின்றார். அன்றைக்குக் கடைசி நாள். வீட்டில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். வேலை போனால் நடுத்தெருதான்.

அப்போது, காதோரம் சோப்பு நுரையோடு ஒருவர் ஆபீஸுக்குள் ஓடி வந்தார். விடுதி நடத்துகிறவர்.

"சார், மோட்டார் எரிஞ்சு போச்சு. எண்பது பேர் சோப்பு போட்டுட்டு நிக்கிறாங்க. ஒண்ணு குடுங்க, கையோட எடுத்துட்டுப் போயிடறேன்!"

விற்றால் ஒரே ஒரு புள்ளிதான் என்று தேன்வாய் அவசரமாகக் கணக்குப் போட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. முதல்ல வேண்டாம்னு சொல்லுங்க."

"என்னது?"

"மோட்டார் வேண்டாம்னு, ஒன்பது தடவை. பிள்ளைகுட்டிக்காரன் சார், கைவிட்டுடாதீங்க."

நேரில் சொன்ன 'வேண்டாம்' செல்லாது என்பதால், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து போன் போட்டார். விடுதிக்காரர் நல்ல மனுஷன். நாலு தடவை பொறுமையாகச் சொன்னார். ஐந்தாவதில் கொதித்துவிட்டார்.

"உங்க மோட்டாரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்!"

"சார், இதை ரெண்டா எழுதிக்கலாமா?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார் தேன்வாய்.

"ஒரே மூச்சுல சொன்னா ஒண்ணுதான். விதின்னா விதி" என்றார் மேனேஜர். இந்தச் செயலிக்கான மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். அவரை அசைக்க முடியாது.

செய்தி பரவி மற்ற விற்பனையாளர்களும் விடுதிக்காரர் முன்னால் வரிசையில் வந்து நின்றார்கள். "அண்ணே, எனக்கும் ரெண்டு 'வேண்டாம்' போட்டுக் குடுங்கண்ணே!" ஒன்பதாவது 'வேண்டாம்' முடிந்து நூற்றொன்று ஆனதும், தேன்வாய் கண் கலங்கி பில் புத்தகத்தை எடுத்தார். மேனேஜர் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "பைத்தியமா உங்களுக்கு? ஒன்பது தடவை மறுத்த தங்கமான மனுஷர்! அவருக்குப் போய் விக்கிறதா? வித்துட்டா நாளைக்கு யாரைத் துரத்துறது?"

விடுதிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு எதிர்க் கடைக்கு ஓடினார். ஆபீஸே கைதட்டியது. தேன்வாய்க்கு உள்ளுக்குள் கூசியது. ஆனாலும் வேலை தப்பியதே!

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள். "குழாய்ல சொட்டுத் தண்ணி வரலைங்க. மோட்டார் கருகின வாடை வருது. உங்க கம்பெனியிலேருந்தே ஒண்ணு தூக்கிட்டு வாங்க."

தேன்வாய் மேனேஜரிடம் போனார்.

"தாராளமா வாங்குங்க. ஆனா உங்க பேரும் செயலியில ஏறணும். உங்க தெரு யாரோட பொறுப்பு?"

"என்னோடதுதான் சார்."

"அப்போ உங்களை நீங்கதான் துரத்தணும்."

தேன்வாய் தன் போனிலிருந்து தன் எண்ணுக்கே அடித்தார். பிஸி. அதையும் ஒரு முயற்சியாகக் கருதி, செயலி ஐந்து புள்ளி போட்டது. மேனேஜர் முகம் மலர்ந்தது. "பலே! மறுபடி அடிங்க!"

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? அத்தனை பேரும் தத்தம் எண்ணுக்கே அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நிறுவனம் வரலாறு காணாத உழைப்பைப் பதிவு செய்தது. மோட்டார் வேண்டும் என்று கூப்பிட்ட பதினேழு பேருக்கும், ஒரு குடம் தண்ணீருக்கு வழி கேட்டு மறுபடி கூப்பிட்ட தேன்வாயின் மனைவிக்கும் மட்டும் லைன் கிடைக்கவில்லை.