ஓட்டமும் உதையும் ஒரே காலேஜில்

ஒரு காட்டில் ஒரு கோவேறு கழுதை இருந்தது. யாரோ என்னவோ என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிடாதீர்கள், அது நான்தான். பெயர் மொக்கராசு. அம்மா குதிரை, அப்பா கழுதை. காட்டில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மிருகங்கள் பேசும் என்பதை ஒத்துக்கொண்டீர்கள், இதில் மட்டும் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது?

பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் மலைக்கோயிலுக்கு அரிசி மூட்டை சுமக்கப் போக வேண்டும். பெரியப்பா ஆயுசு முழுக்க அதைத்தான் செய்தார். அவர் முதுகிலிருக்கும் தழும்பை ஒரு தடவை பக்கத்தில் பார்த்தேன். அன்றிலிருந்து மூட்டை என்ற சொல்லைக் கேட்டாலே எதிர்ப்பக்கமாக நடையைக் கட்டிவிடுவேன்.

கடவுள் புண்ணியத்தில் எனக்கு அம்மா வழியில் ஓட்டமும் அப்பா வழியில் உதையும் வந்திருந்தன. மூளை எந்த வழியிலும் வரவில்லை. காலேஜ் பேச்சை எடுத்ததும் வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

"ஓட்டப்பந்தயத்துக்குப் பேர்போன காலேஜாப் பாருடா. எங்க வீட்ல அத்தனை பேரும் ஓடினவங்க" என்றாள் அம்மா.

"ஓடி என்னத்தக் கிழிச்சாங்க? அவன் ஃபுட்பால் ஆடட்டும். உதைக்கிறதுல நம்மள அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார் அப்பா.

"ரெண்டும் இருக்கிற காலேஜ்ல சேர்றேன்" என்றேன் நான். அப்படிச் சொன்னபோது எனக்கு நானே பெரிய அறிவாளியாகத் தெரிந்தேன்.

முதலில் மேற்குக்காட்டுக் காலேஜுக்குப் போனோம். அங்கே ஃபுட்பால் கோச் ஒரு யானை, ஆனைமுத்து சார். என் உதையைப் பார்த்துவிட்டுத் தும்பிக்கையால் தட்டிக்கொடுத்தார். ஓட்டப்பந்தயத்திலும் கலந்துகொள்ளலாமா என்று கேட்டேன். "ஓடணும்னா பந்து பின்னாடி ஓடு. சும்மா வட்டமா ஓடி எங்கடா போய்ச் சேரப்போற?" என்றார்.

அடுத்தது கிழக்குக்காட்டுக் காலேஜ். ஓட்டத்துக்குக் கோச் சிறுத்தை மேடம். என் ஓட்டம் அவருக்குப் பிடித்துவிட்டது. ஃபுட்பால் என்று வாயெடுத்ததும் மீசை துடித்தது. "பந்தா? இந்த கேம்பஸுக்குள்ள உருண்டையா எதுவுமே வரக்கூடாது. மெஸ்ல போண்டாகூட போட விடமாட்டேன்."

இரண்டுமே நல்ல காலேஜ்கள். உருப்படுகிற ஜென்மமாக இருந்தால் ஏதாவது ஒன்றில் சேர்ந்திருக்கும். நான் மூன்றாவது காலேஜுக்குப் போனேன்.

அதை நடத்தியவர் சம்புலிங்கம் என்ற நரி. வாசலிலேயே நின்று கும்பிட்டார். "ஃபுட்பாலா? இருக்கு. ஓட்டமா? அதுவும் இருக்கு. ரெண்டும் ஒரே கிரவுண்டு தம்பி. நடுவுல பந்து, சுத்தி ஓட்டம். ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் வேணுமா எடுத்துக்கோ, புல்லு வேண்டிய மட்டும் தின்னு. காலேஜ் விழாவுல ஒரே ஒரு மெடல் வாங்கிட்டா போதும். வாங்கலேன்னா மட்டும் கிளம்பிடணும்."

ஒரு மெடல்தானே! இரண்டு விளையாட்டில் ஒன்றிலாவது கிடைக்காமலா போகும்? அன்றிரவு நான் இரண்டு மெடலையும் எந்தக் கொம்பில் மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொம்பே கிடையாது என்பது விடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

விழா நாள் வந்தது. எல்லாக் காட்டுக் காலேஜ்களும் எங்கள் கிரவுண்டில் கூடின. சிறப்பு விருந்தினர் சிங்கம். காலையில் வருவதாகச் சொன்னவர் சாயங்காலம்தான் வந்தார். வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தாதவர்கள் கோபித்துக்கொண்டதால் மறுபடியும் போர்த்தினார்கள். நடுவில் சிங்கம் கொட்டாவி விட்டு, "இருட்டினா நான் வேட்டைக்குப் போகணும். கப்பும் மெடலும் நானே கொடுத்துட்டுப் போறதுன்னா சீக்கிரம் முடிங்க" என்றார். வேட்டை என்றதும் முன்வரிசை மான்களெல்லாம் பின்வரிசைக்குப் போய்விட்டன.

நரி மைக்கைப் பிடித்தார். "ஃபுட்பால் ஃபைனலும் ஓட்டப்பந்தய ஃபைனலும் இப்போது ஒரே நேரத்தில் நடக்கும்!"

ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன். "சார், நான் ரெண்டுலயும் இருக்கேனே!"

"இருந்தா என்ன தம்பி? டீம்ல உன் பேர் இருக்கு, அது இருக்கட்டும். நீ முதல்ல ஓடு. ஓடி முடிச்சதும் அப்படியே உள்ள போயிடு" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டதுதான் என் தலையெழுத்து.

உள்ளே எங்கள் டீம் ஓர் ஆள் குறைவாக ஆனைமுத்து சார் டீமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. யாரும் கோல் போடவில்லை. வெளியே நான் ஓடினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஓடினேன். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஒருத்தர்கூட இல்லை. மெடல் கழுத்தில் விழுந்த மாதிரியே இருந்தது. இனி மூட்டை இல்லை, தழும்பு இல்லை என்று சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது பந்து உருண்டு வந்து எல்லைக்கோட்டுமேல் நின்றது. என் காலுக்குப் பக்கத்தில்.

கூட்டத்திலிருந்து அம்மா கத்தினாள்: "ஓடுடா ராசு!"

அதே நொடியில் அப்பா கத்தினார்: "உதைடா ராசு!"

அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. இருவர் பேச்சையும் தட்ட மனசு வரவில்லை. ஓடிக்கொண்டே உதைத்தேன்.

நாங்கள் எப்படி உதைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் பார்த்துக்கொண்டு பின்னங்காலால் உதைப்போம். பந்து எனக்குப் பின்னால் பறந்தது. பின்னால் இருந்தது எங்கள் கோல். கோல்கீப்பர் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

டிராக்கை விட்டுக் கால் வைத்ததால் ஓட்டத்திலிருந்து நீக்கினார்கள். டீமில் என் பேர் இருந்ததால் கோல் செல்லும் என்றார்கள். ஒரே உதையில் இரண்டு ஃபைனலிலும் தோற்றவன் இந்தக் காட்டில் நான் ஒருத்தன்தான்.

"அப்படியே உங்க வம்சம்" என்றாள் அம்மா. "எல்லாம் உன் வளர்ப்பு" என்றார் அப்பா.

மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நரியின் ரூமுக்குப் போனேன். "போயிட்டு வர்றேன் சார்" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"எங்க போற? உட்காரு" என்று ஒரு போட்டோவைக் காட்டினார். அதில் என் முன்னங்கால் ஓடிக்கொண்டிருந்தது, பின்னங்கால் பந்தை உதைத்துக்கொண்டிருந்தது. பந்து எந்தப் பக்கம் போனது என்பது போட்டோவில் தெரியவில்லை. "இந்த மாதிரி ஸ்டூடண்ட் வேற எந்தக் காலேஜ்ல இருக்கான் சொல்லு? இனிமே நீதான் நம்ம அட்மிஷன் ஆபீசர்."

இப்போது காலேஜ் வாசலில் எனக்கு ஒரு மேஜை இருக்கிறது. நேற்று நீர்நாய் தம்பதி வந்தார்கள். பிள்ளைக்கு நீச்சலும் வேண்டுமாம், கபடியும் வேண்டுமாம்.

"ரெண்டும் உண்டும்மா. கபடி கோர்ட்டே குளத்துக்குள்ளதான் இருக்கு" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

சாயங்காலமானால் மேஜையை ஓரங்கட்டிவிட்டு, என் போட்டோ அச்சடித்த நோட்டீஸ் கட்டுகளைச் சாக்கில் போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு காடு காடாகப் போகிறேன். போன வாரம் பெரியப்பாவை வழியில் பார்த்தேன். என் முதுகைப் பார்த்தார். கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்தோம்.

நீதி: எந்தக் காலேஜில் சேரலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எங்கே சேர்ந்தாலும் மூட்டை உண்டு, எங்கள் காலேஜில் மட்டும்தான் மூட்டைக்குள் உங்கள் போட்டோவும் உண்டு.