குறைத்துக் காட்டிய குடும்பம்

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நகராட்சி ஒருநாள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. வைத்த கையோடு அதை இறக்கி மக்கள் தலையில் ஏற்றிவிட்டது. ஒவ்வொரு வீடும் தண்ணீரிலும் மின்சாரத்திலும் பத்து சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். காட்டிய வீட்டுக்குப் ‘பசுமை இல்லம்’ என்று சான்றிதழ் வழங்கப்படும். காட்டாத வீட்டின் தண்ணீர் இணைப்பு, ‘மேற்படி இல்லத்தாரின் நலன் கருதி’, துண்டிக்கப்படும்.

ஆணையைக் கேட்டு ஊரே முணுமுணுத்தபோது ஒரே ஒருவருக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடைக்காரர். பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தெருவில் எல்லோரும் சிக்கனம் என்றுதான் கூப்பிட்டார்கள். பாராட்டிக் கூப்பிட்டதாகச் சொல்ல முடியாது. மனிதர் அரைப் பக்கெட்டில் குளிப்பார். காய்கறி கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும். கிழிந்த சட்டை தலையணை உறையாகி, உறை தரை துடைக்கும் துணியாகி, அப்போதும் ஓய்வு கிடைக்காமல் ஜன்னல் இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷமாகக் கஞ்சன் என்று வாங்கிய பேச்சுக்கெல்லாம் சர்க்கார் முத்திரையோடு பதில் வரப்போகிறது என்று அவர் பூரித்துப் போனார்.

பசுமைப் பரிசோதகர் வந்தார். வாசலில் அவருடைய கார் இன்ஜின் ஓடியபடியே நின்றது. அணைத்தால் உள்ளே குளிர்ச்சி போய்விடும், மறுபடி குளிரவைக்கப் பெட்ரோல் வீணாகும் என்று டிரைவர் விளக்கம் சொன்னார். சிக்கனம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். பரிசோதகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் மீட்டரைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"போன வருஷமும் இதே அளவு, இந்த வருஷமும் இதே அளவு. என்ன குறைச்சிருக்கீங்க?"

"குறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே சார். இதுக்கு மேல குறைச்சா குளிக்கவே முடியாது."

"அது உங்க சொந்த விஷயம். எனக்குக் குறைவு கண்ணுக்குத் தெரியணும். பக்கத்து வீட்டைப் பாருங்க, எவ்வளவு பொறுப்பா இருக்கார்."

பக்கத்து வீடு பல் டாக்டருடையது. பட்டப்பகலில் கல்யாண மண்டபம் மாதிரி விளக்கெரியும் வீடு. அவர் மாடிப்படி விளக்குகளை மட்டும் அணைத்தார். குறைவு பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதோடு நல்ல நிலையில் இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டுகளை எல்லாம் தெருமுனையில் வீசிவிட்டு, இப்போதைய நாகரிகப்படி மூங்கில் பக்கெட்டுகள் வரவழைத்தார். அவை மூன்று சுற்று பிளாஸ்டிக் தாளில் பத்திரமாகச் சுற்றி வந்தன. பரிசோதகர் நெகிழ்ந்துபோய் அவருக்குக் கைகொடுத்தாராம்.

இணைப்பு போனால் தண்ணீருக்கு ஊர்க்கோடிக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். சிக்கனத்துக்கு முட்டிவலி, கூடவே இருக்கும் மாமனாரோ வயசானவர். சிக்கனம் கெஞ்சிக் கேட்டதும் பரிசோதகருக்கு மனம் இளகியது. ஒரு மாதம் தாராளமாகச் செலவு செய்யும்படியும், அதை அடிப்படை அளவாகக் குறித்துக்கொள்வதாகவும், பிறகு அதிலிருந்து குறைத்துக் காட்டினால் போதும் என்றும் வழி சொல்லிக்கொடுத்தார். சிக்கனப்படுத்தச் சிக்கனம் முதலில் வீணாக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

வீணாக்குவது அப்படியொன்றும் சுலபமாக இல்லை. போட்ட விளக்கை மனைவியின் கை தானாகப் போய் அணைத்தது. சிக்கனம் குழாயைத் திறந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். பாதி வழியில் திரும்பி ஓடி வந்து குழாயடியில் பக்கெட்டை வைத்தார். கையும் களவுமாகப் பிடித்த மனைவி, பிடித்து வைத்தால் அது எப்படி வீணாகும் என்று சத்தம் போட்டாள். நடுவில் எட்டிப் பார்த்த பரிசோதகர், குடும்பத்தின் முயற்சி போதவில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் சிக்கனம் பல் டாக்டரிடம் யோசனை கேட்டார்.

"வீணாக்கணும்னு நெனச்சா வராதுங்க," என்றார் டாக்டர். "எதையுமே நெனக்கக் கூடாது. அதான் ரகசியம்."

முதலில் ரகசியம் பிடிபட்டது மாமனாருக்குத்தான். ஷவருக்கு அடியில் பாடிக்கொண்டே நின்றவர், பழுத்த தக்காளி மாதிரி வெளியே வந்தார். "மாப்ள, இத்தனை வருஷமா நான் குளிக்கவே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது," என்றார். மகள் ஒரே ஒரு கைக்குட்டைக்காக, மூலையில் சும்மா கிடந்த வாஷிங் மெஷினை ஓட்டினாள். மனைவி ஊசி தேட எல்லா விளக்கையும் போட்டாள். ஊசி கிடைத்த பிறகும், வீடு பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டாள். ஒருநாள் சிக்கனமும் வெந்நீரில் விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட சுகமாக இருந்தது.

மாதம் முடிந்ததும் பரிசோதகர் வந்து பார்த்துப் பிரமாதமான அடிப்படை அளவு என்று முதுகில் தட்டினார். சிக்கனம் நிம்மதியாகப் பழைய அரைப் பக்கெட்டை எடுத்து வைத்தார். மனைவி அதை நகர்த்தி வைத்தாள்.

"பத்து சதவீதம் குறைச்சா போதும்னு சர்க்காரே சொல்லுது. நீங்க என்ன, சர்க்காரை விடப் பெரியவரா?"

மாமனார் பாட்டில் ஒரு சரணத்தை விட்டுக்கொடுத்தார். மகள் கைக்குட்டையோடு ஒரு காலுறையையும் சேர்த்துப் போட்டாள். பத்து சதவீதம் குறைந்தது. சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று அதன் தலைக்கு மேல் ஒரு பல்பு போட்டார்கள். அது இரவும் பகலும் எரிந்தது.

சிக்கனமே இப்படித்தான் வாங்கினார் என்று தெரிந்ததும் தெருவில் இருந்த மற்ற கஞ்சர்களும் குழாயைத் திறந்துவிட்டுப் பாடுபட்டார்கள். வீடு தவறாமல் சான்றிதழ் தொங்கியது. ஊர் நீர்த்தேக்கம் இந்தப் பசுமையைத் தாங்காமல் தரை தட்டியது. ஒரு காலை குழாய்கள் இருமின, காற்று விட்டன, அடங்கிவிட்டன.

சிக்கனம் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். பரிசோதகர் நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"இணைப்பைத் துண்டிக்க மாட்டோம்னு போட்டிருக்கு. துண்டிச்சோமா?"

"இல்லீங்க. ஆனா தண்ணி வரலையே."

"தண்ணி வரும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

எங்கேயும் போடவில்லை. சிக்கனம் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். தெரு முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கோடிக்கு நடந்தது. முட்டிவலியோடு அவரும் நடந்தார். அடுத்த முறை மீட்டர் பார்க்க வந்த பரிசோதகர் அதிசயித்து நின்றுவிட்டார். எந்த வீட்டுத் தண்ணீர் மீட்டரும் அசையவில்லை. நூறு சதவீதக் குறைவு! நாட்டிலேயே எந்தத் தெருவும் செய்யாத சாதனை என்று மேலிடத்துக்கு எழுதினார்.

தெருவுக்குத் தலைசிறந்த பசுமைத் தெரு விருது. நடுப்பகலில் மேடையைச் சுற்றி விளக்கெரிய, பெரிய அதிகாரிகள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, இந்தத் தெரு மக்களின் தியாக உணர்வைப் புகழ்ந்தார்கள். ஜனங்கள் குடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கைதட்டினார்கள். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. கடைசியாக, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். நாக்கு வறண்டுபோயிருந்த சிக்கனம் எழுந்தார். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கத்தான் எழுந்தார்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. கேட்டு, தண்ணி கிண்ணி வந்து தொலைச்சா விருது போயிடும்."

சுற்றியிருந்த நாலைந்து பேர் அவள் சொல்வது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். சிக்கனம் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.