தாய்மாமனுக்கு வாய்ப்பூட்டு

அனுசியாவின் தாய்மாமன் வாயை ஒரு பாட் பூட்டிவிட்டது என்று தெரியவந்தபோது, அவள் கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

பெண்ணைப் பெற்ற பிச்சையாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்யாண வேலைக்கென்று தன் போனில் இருந்த எண்களையெல்லாம் சேர்த்து டெலிகிராமில் குடும்பக் குரூப் தொடங்கியவர் அவர்தான். கண்டதையும் போடுகிறவர்களை அடக்க, காவலுக்கு அந்த பாட் என்ற தானியங்கி நிரலை வைத்தவரும் அவர்தான். நாளுக்கு மூன்று படத்துக்கு மேல் போட்டால் அது பேசவிடாது. மச்சான் முத்துகுமரனோ விடிந்தால் ஐந்து ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போடுகிறவர்.

"மணவறையில மொத மாலை போடுத எங்கண்ணன் வாயையா அடைப்பீய? அவன் வரலன்னா என்ன செய்வீய?" என்றாள் மனைவி ஆவுடைத்தாய்.

பூட்டைத் திறந்தார். மச்சானிடம் மூச்சுப் பேச்சில்லை. போன் போட்டால் இறங்கி வந்ததாகிவிடுமாம். நீயும் போடக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுரண்டையில் இருக்கும் மச்சானிடம் எப்போதும் பேசுவது அவள்தான். இவருக்கு அந்த வழக்கமே கிடையாது.

சமாதானத்துக்கு மச்சானை அட்மின் ஆக்கினார். உடனே சித்தப்பா முறுக்கிக்கொண்டார். பத்திரிகையில் மேலே இருக்கும் தன் பெயர் இங்கே மட்டும் கீழேயா என்றார். அவரும் அட்மின். சித்தப்பா ஆனால் பெரியப்பா சும்மா இருப்பாரா? சாயங்காலத்துக்குள் பதினேழு அட்மின். பதினேழு பேரும் தங்களுக்கு ஆகாதவர்கள் வாயைப் பூட்ட, குரூப்பில் பாட் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.

"பந்தல் வேலையப் பாக்கவா, இவுகளுக்குப் பதவி குடுக்கவா?" என்று கத்தினார் பிச்சையா. தாய்மாமனுக்கு மேல் யாருண்டு என்று கடைசியில் ஓனர் உரிமையையே மச்சானுக்கு மாற்றிக் கொடுத்தார். இனி ஒருவனும் வாய் திறக்கமாட்டான்.

ஐந்தே நிமிடம். மச்சான் அத்தனை பேர் பதவியையும் பிடுங்கிவிட்டு, பிச்சையாவைக் குரூப்பை விட்டே தூக்கினார். அப்புறம் ஒரு ரோஜாப்பூ போட்டாராம். ஆவுடைத்தாய் தன் போனைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் தொடங்கிய குரூப்பில் அவருக்கே இடமில்லை! உடனே சுரண்டை பஸ் ஏறினார். மச்சான் வெளியே போயிருந்தார். அவர் மனைவி இசக்கிச்செல்வி தண்ணீர் கொடுத்தாள். பிச்சையா அதை வாங்கக்கூட இல்லை. நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"குரூப்ப அவரே வச்சிக்கிடட்டும் தாயி. மாலைய மட்டும் வந்து போடச் சொல்லு."

இசக்கிச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிச்சையாவின் போனை வாங்கி, மச்சான் பெயருக்குக் கீழிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"இந்த நம்பர நாங்க விட்டு ஒரு வருசமாச்சே, அண்ணாச்சி."