பீர் வாங்காத பதினைந்து வீடுகள்

பைன் ஃபோர்க், மிசூரி
நவம்பர் 9, 1993

கர்த்தருக்குள் பிரியமான தம்பி டெல்மருக்கு,

அக்கா அர்வெல்லா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தான் வெண்டலும் சுகம். அத்தானின் முழங்கால் மட்டும் சுகமில்லை, ஆனால் அது எந்த வருஷம் சுகமாக இருந்தது? அங்கே நீயும் உன் பிக்கப் வண்டியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நீ குடியை விட வேண்டும் என்று முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி வருகிறேன். இதிலும் எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் என்னவென்றால், நான் ஜெயித்துவிட்டேன்.

எங்கள் சபைச் சமையலறை அடுப்பு ஈஸ்டர் அன்றைக்கு உயிரை விட்டது உனக்குத் தெரியும். நவம்பர் முதல் சனிக்கிழமை பன்றித்தொடை ஹாம் விருந்து, இருநூறு பேர் சாப்பாடு, பத்தொன்பது வருஷமாக அந்தச் சமையலறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, அடுப்பில்லாமல் சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சபையில் இருந்த பணமெல்லாம் கூரைக்குப் போய்விட்டது. போதகர் கென்ட் என்னிடம் "சிஸ்டர், இந்த வருஷம் ஆளுக்கொரு சாண்ட்விச் கட்டிக் குடுத்துடலாமா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் காகிதத் தட்டு வாங்க பிங்கம் கடைக்குப் போனேன். அவர்கள் என்னைக் கேட்காமல் காகிதத் தட்டையெல்லாம் பீர் வரிசையின் கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன், ஆனாலும் ஒவ்வொன்றாகக் கிழித்தெடுக்கிற சலுகைச் சீட்டுகளின் கட்டு ஒன்று என் மூக்குக்கு நேராகத் தொங்கியது. ஹாம் வாங்கினால் ஐந்து டாலர் ரிபேட், ரசீதையும் சீட்டையும் தபாலில் அனுப்பினால் செக் வீடு தேடி வரும் என்று போட்டிருந்தது. ஹாம்! யார் தருகிறார்கள் என்று பார்த்தால் ஒரு பீர் கம்பெனி. கையைச் சுட்டதுபோல் விட்டுவிட்டு நேரே கல்லாவில் இருந்த டாட்டியிடம் போனேன்.

"டாட்டி, பீர் வாங்கினாத்தான இந்தக் காசு?"

"எல்லா ஊர்லயும் அப்படி இல்லக்கா. குடிக்கக் கட்டாயப்படுத்தற மாதிரி சலுகை குடுக்கக் கூடாதுன்னு சில மாநிலத்துல சட்டம். அங்கல்லாம் ஹாம் மட்டும் வாங்கினாப் போதும். அடியில பொடி எழுத்துல மாநிலம் பேரு போட்டிருப்பான் பாருங்க."

ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அத்தான் தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். "பின்வரும் மாநிலங்களில் மது வாங்கத் தேவையில்லை" என்று ஒரு வரி, அதற்குக் கீழே உறையின் மேல் எழுதுகிற மாதிரி இரண்டிரண்டு எழுத்தாக மாநிலங்கள். பத்தாவதாக ஒரு எம், அதன் பக்கத்தில் ஓ. நம்முடைய மிசூரி! நான் போட்ட "ஸ்தோத்திரம்" சத்தத்தில் அத்தான் முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றார்.

ஆனால் டெல்மர், சட்டம் சரி என்றதும் குதிப்பவள் உன் அக்கா இல்லை. முதலில் நியாயத்தைப் பார்க்க வேண்டும். மாதர் சங்கத்தின் பதினான்கு குடும்பத்தாரையும் நோரீன் வீட்டில் கூட்டி, விருந்துக்கு வீட்டுக்கொரு ஹாம் எப்படியும் வாங்கித்தானே தருகிறோம், அந்த ரசீதை வைத்து ஆளுக்கொரு ரிபேட் வாங்கி அடுப்புக்குக் கொடுப்போம் என்று சொல்லி, விதிகளையும் சொன்னேன். சீட்டிலேயே வீட்டுக்கொன்று என்று இருக்கிறது, ஆகவே வீட்டுக்கொன்றுதான். முழுக்கட்டையும் உருவிக்கொண்டு வரக்கூடாது, பின்னால் வருகிறவனுக்கும் வேண்டும், அவன் குடிகாரனாக இருந்தாலும் சரி. பாட்டில் கழுத்தில் மாட்டியிருக்கிற கூப்பனை யாரும் தொடக்கூடாது, அது அந்தப் பாட்டிலை வாங்குகிறவனுக்குச் சொந்தம், வாங்காமல் கழற்றினால் திருட்டு. நகல் எடுக்கக்கூடாது. அப்போது நோரீன் கையைத் தூக்கினாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் பேர்லயும் ஒண்ணு அனுப்பலாமா?"

"அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சேடி!"

"அவர் பேர்ல இன்னும் லைட் பில் வருதேக்கா."

"பில் வரலாம். செக் வரக்கூடாது."

அவள் அதோடு விடவில்லை. பீர்க்காரன் காசு சபைக்குள் வரலாமா என்று கேட்டாள். நல்ல கேள்விதான், நானும் அதை இரண்டு நாள் ஜெபத்தில் வைத்திருந்தேன். "இந்தக் காசு அவன் கையிலயே இருந்தா என்ன பண்ணுவான்? ரோட்டோரத்துல இன்னொரு விளம்பரப் பலகை நடுவான். நம்ம கைக்கு வந்தா பிஸ்கட் வேகும். இதுல உனக்கு எது இஷ்டம்?" என்று கேட்டேன். எல்லாருக்கும் பிஸ்கட்தான் இஷ்டமாக இருந்தது.

மறுநாள் நான் பீர் வரிசையில் நின்று கட்டைவிரலை நனைத்து நனைத்துப் மீதிப் பதிமூன்று சீட்டு எண்ணிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டாவதில் முதுகுக்குப் பின்னால் தொண்டையைக் கனைக்கிற சத்தம். சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன் ராய்ஸ் பிட்மன்! இந்த மனுஷனுக்கு அவர் மனைவி கையில் சமையலறைச் சாவி போக வேண்டும் என்று ஒன்பது வருஷமாக ஆசை. தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார், செத்த வீட்டில் வைக்கிற மாதிரி. புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"சிஸ்டர் அர்வெல்லாவ பீருக்குப் பக்கத்துல நானே கண்ணால பாத்தேன். கை நிறைய பீர் கம்பெனிச் சீட்டு. வருத்தமாத்தான் இருக்கு, ஆனா சாவியை இன்னைக்கே ஒப்படைச்சிடறது நல்லது."

பத்தொன்பது வருஷம், டெல்மர். நம் அம்மா சாவுக்கு மறுநாள்கூட நான் அந்தச் சமையலறையில் நின்று எல்லாருக்கும் ஆக்கிப் போட்டேன். அந்தச் சாவியை இவர் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போவதா? ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் பூதக்கண்ணாடியோடு நடுவில் வந்து நின்றேன், "மிசூரியில மது வாங்கத் தேவையில்லை"ன்னு பின்வரிசை வரைக்கும் கேக்கற மாதிரி வாசிச்சேன்.

"வாங்காமலே காசு குடுக்க அவன் என்ன பைத்தியக்காரனா?"ன்னாரு ராய்ஸ்.

"பைத்தியக்காரன் இல்ல பிரதர், சட்டத்துக்குப் பயந்தவன். வாங்க, நீங்களே வாசிச்சுப் பாருங்க."

"பீர் காகிதத்தை என் கண்ணு வாசிக்காது!"

"பாவம், உங்க கண்ணு என் கையை மட்டும் நல்லா வாசிச்சிருக்கு."

பின்வரிசையில யாரோ சிரிச்சிட்டாங்க. நான் சீட்டையும் பூதக்கண்ணாடியையும் போதகர் கையில குடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடி, அப்புறம் அந்தக் கண்ணைத் திறந்து இந்தக் கண்ணை மூடி, "ஆமா, ஆமா, மிசூரிதான்"னு சொல்லிட்டாரு. அதோட விட்டேனா? "பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ், நம்ம வாயில ஒரு சொட்டு படாம, பீருக்குன்னு நம்ம பையிலேர்ந்து ஒரு காசு போகாம, பீர்க்காரன் நம்ம ஆண்டவர் வீட்டுக்கு அடுப்பு வாங்கித் தர்றான். பிசாசுக்கு இதைவிடத் தோல்வி வேற என்ன இருக்கு?" அவ்வளவுதான், கைதட்டல்! கைதட்டிப் பழக்கமே இல்லாத பாப்டிஸ்ட் சபையில், புதன்கிழமையில், கைதட்டல்! சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

கார் நிறுத்துகிற இடத்தில் ராய்ஸ் என் பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தச் சீட்டு... ஒண்ணு மிச்சம் இருக்குமா சிஸ்டர்?" என்றார். எப்படி இருந்திருக்கும் எனக்கு! மறுநாள் நானே போய் ஒன்று கிழித்து வந்து கொடுத்தேன். அவரும் ஒரு ஹாம் வாங்கி அனுப்பினார்.

அக்டோபரில் பதினைந்து செக்கும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் நுரை பொங்கும் கோப்பைப் படம். பாங்கில் அந்தப் பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், நான் நிமிர்ந்தே நின்றேன். மீதியை ஆளாளுக்குப் போட்டு, ஆறு பர்னர் அடுப்பு வாங்கினோம். போன சனிக்கிழமை விருந்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஹாம் அப்படி வெந்திருந்தது, கத்தி வைப்பதற்கு முன்பே எலும்பை விட்டு வந்தது. ராய்ஸ் மூன்று தடவை தட்டை நீட்டினார். போதகர் கடைசியில் எழுந்து, "பொடி எழுத்திலும் நேர்மையாக இருக்கிறவர் நம் சிஸ்டர் அர்வெல்லா" என்று சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் சீக்கிரம் குனியவில்லை.

இதை உனக்கு எதற்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், சின்ன வயசிலிருந்து என்னை "ரூல் புத்தகம்" என்று கேலி செய்தவன் நீ. அந்த ரூல்தான் இன்றைக்கு உன் அக்கா மானத்தைக் காப்பாற்றியது. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், உன் வண்டி எஞ்சினையும் காக்கட்டும். அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா அர்வெல்லா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று மதியம் நான் செய்யக் கொடுத்திருந்த புது மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. டாட்டி ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்த சீட்டு ஒன்று இருந்தது, உனக்குக் காட்ட இதோடு வைக்கலாம் என்று எடுத்து, பெருமையாக ஒரு தடவை வாசித்தேன். டெல்மர், அது ஓ இல்லை. அதற்கு ஒரு பக்கம் முதுகு நேராக இருக்கிறது. அது டி. எம், டி. மேரிலாண்ட். ஜன்னலோரம் வைத்து நாலு தடவை பார்த்துவிட்டேன், அத்தானும் பார்த்தார், மிசூரி அந்தப் பட்டியலிலேயே இல்லை. நாங்கள் பீர் வாங்கியிருக்க வேண்டும். செக் அனுப்புகிறவனும் பொடி எழுத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கம்பெனி இலவச எண்ணுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் "பரவாயில்லம்மா, விட்டுடுங்க"ன்னு சொல்லுது. "உனக்குப் பரவாயில்ல, எனக்கு ராத்திரி தூக்கம் வரணுமே"ன்னேன். ஹாமைத் தின்றாயிற்று, காசு அடுப்பாகிவிட்டது. மிச்சம் இருக்கிற நேர்மையான வழி ஒன்றே ஒன்றுதான். தாமதமானாலும் வாங்கிவிடுவது. சீட்டில் போட்டிருக்கிறபடி வீட்டுக்குப் பன்னிரண்டு அடங்கிய பெட்டி ஒன்று. மாதர் சங்கத்தில் எல்லாரிடமும் பேசிவிட்டேன். நோரீன் அழுதாள், ஆனால் பணம் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை உன் வண்டியை எடுத்துக்கொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத உங்கள் ஊர்ப் பக்கம் பதினான்கு பெட்டி வாங்கிவிடு. மேலே தார்ப்பாய் போட்டு மூடு. வாங்கத்தான் விதி, அப்புறம் அதை என்ன செய்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன். ரசீதை மட்டும் எனக்கு அனுப்பு. பதினைந்தாவது பெட்டி ராய்ஸுடையது, அதை அவரே வாங்கட்டும் என்று இப்போதுதான் போனில் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். சாவியைக் கேட்பார், சபையைக் கூட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு, "டப்பாவா சிஸ்டர், பாட்டிலா?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? எது நல்லது என்று உடனே எழுது, பாவம் காத்துக்கொண்டிருக்கிறார்.