பீரங்கி வாயில் ஒரு குடும்பம்

பீரங்கியின் வாய்க்குள் கையை விட்ட ஹார்லன் வீபியை உள்ளிருந்து யாரோ அறைந்தார்கள்.

கையை வெளியே இழுத்துக்கொண்டு, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். சோற்றுக் குண்டான் அளவுக்கு அகன்ற அந்த இரும்பு வாயினுள், ஒப்புக்கு அடுக்கிய சுள்ளிகளின் மேல், சாம்பல் நிறப் புறா ஒன்று அமர்ந்திருந்தது. சிறகை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. முன்னறிவிப்பின்றி வந்த விருந்தாளியை வீட்டுக்காரி பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது.

"அம்மா தாயே, சனிக்கிழமை ஆட்டம் இருக்கு," என்றார் ஹார்லன்.

புறா நகரவில்லை.

ஹார்லன் வாரநாள்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சனிக்கிழமைகளில் சிவப்புத் தொப்பி அணிந்து, எல்ம்ஃபோர்க் கல்லூரியின் கால்பந்து மைதானத்தில் பீரங்கிக்காரராக நிற்பவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து அது. எல்ம்ஃபோர்க் வீரன் ஒருவன் பந்துடன் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால், ஹார்லன் ஒரு முறை வெடிக்க வேண்டும். குண்டு கிடையாது, வெடிமருந்தும் புகையும் மட்டுமே. சென்ற ஆண்டு வரை எல்ம்ஃபோர்க் சமவெளி லீக்கில் ஆடியது. அந்த நாள்களில் ஹார்லன் வெடித்த வெடியை இடியென்று எண்ணி, பக்கத்து ஊரில் காயப்போட்ட துணியை எடுத்து மடித்து வைத்தவர்கள் உண்டு.

இந்த ஆண்டு கல்லூரி பெருநதி லீக்குக்கு மாறியது. அந்த லீக்கின் பிள்ளைகள் உருவத்தில் குளிர்பதனப் பெட்டியையும் ஓட்டத்தில் மானையும் ஒத்திருந்தனர். அவர்களிடம் எல்ம்ஃபோர்க்குக்கு நேர்ந்ததைக் குறிக்கத் தோல்வி என்பது போதுமான சொல் அன்று. சொந்த மைதானத்தில் எல்லைக்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே வீரர்களுக்கு மறந்துவிட்டது. பீரங்கி ஒரு முறைகூட வெடிக்கவில்லை. அமைதியான இடமென்று விசாரித்தறிந்து புறா குடிவந்ததில் வியப்பில்லை.

அன்று காலையில்தான் விளையாட்டுத் துறை இயக்குநர் டாலிவர் அவரை அழைத்துப் பேசியிருந்தார்.

"வெடிக்காத பீரங்கி எதுக்கு ஹார்லன்? இந்தச் சனிக்கிழமையும் சத்தம் வரலைன்னா, அதைத் தூக்கி ஊர் எல்லைப் பூங்காவுல வெச்சிடலாம். குழந்தைங்க ஏறி விளையாடட்டும். இங்க ஒலிபெருக்கியில பதிவு பண்ணின சத்தம் போட்டுக்கலாம். கூடவே டயர்க் கடை விளம்பரமும் போடலாம்."

"அவங்க டச்டவுன் போட்டாத்தானே சார் நான் வெடிக்க முடியும்?"

"அது பயிற்சியாளர் வேலை. சத்தம் உங்க வேலை."

ஆகவே ஹார்லனுக்கு ஒரே கவலைதான். சனிக்கிழமை பீரங்கி பேசாவிட்டால் அது பூங்காவுக்குப் போகும். அவர் சிவப்புத் தொப்பி பெட்டிக்குள் போகும்.

வீட்டுக்கு வந்து மனைவி லவானிடம் புறாவைப் பற்றிச் சொன்னார்.

"கூட்டுல முட்டை இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"அது எழுந்தாத்தானே தெரியும்? உக்காந்த இடத்துலயே அறையுது."

"முட்டை இருந்தா தொடக் கூடாது. சட்டம் இருக்கு. டாலிவர்கிட்டச் சொல்லிடு."

"சொன்னா அவனுக்குக் கொண்டாட்டம். பீரங்கியைச் சுத்திக் கயிறு கட்டிட்டு, அன்னிக்கே ஒலிபெருக்கியை மாட்டிடுவான். அப்புறம் அதைக் கழட்டவா போறான்?"

"அப்ப என்ன பண்ணப் போற?"

"யாரும் பாக்காம மூடி வெக்கப் போறேன்."

மறுநாள், வாய்ப்பக்கம் மட்டும் புறா வந்துபோக வழிவிட்டு, பீரங்கியை ஒரு நீலத் தார்ப்பாயால் மூடினார். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து திருமதி ஆர்டித் பென்னர் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானச் சுவரை ஒட்டிய வீடு அவருடையது. ஊரின் ஊறுகாய்த் தொழிற்சாலையும் அவருடையது. கையில் எப்போதும் இருக்கும் குட்டைக்கால் நாயின் பெயர் ஜெனரல்.

எல்ம்ஃபோர்க் புதிய லீக்குக்கு மாறியதே திருமதி பென்னர் கொடுத்த நன்கொடையால்தான். கல்லூரிக் கூட்டத்தில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க ரொம்பக் கஷ்டமா இருக்குமா?" டாலிவர் நேர்மையாக, "முதல் சில வருஷம் ரொம்பக் கஷ்டம்தான் மேடம்," என்றார். திருமதி பென்னர் உடனே காசோலையில் கையெழுத்திட்டார். அணி வென்றுகொண்டிருந்த ஆண்டுகளில் மைதானத்துக்கு ஒரு நாளும் வராதவர், தோற்கத் தொடங்கியபின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாயுடன் முதல் வரிசையில் வந்து அமர்ந்தார். துன்பத்தில் துணை நிற்பவர் என்று உள்ளூர்ப் பத்திரிகை அவரைப் பாராட்டி எழுதியது.

"என்ன ஹார்லன், மூடிட்ட?"

"சின்னப் பழுது மேடம்."

"சின்னதா?"

"கொஞ்சம் பெரிசுதான்."

"அடப் பாவமே," என்றார் அவர் மலர்ந்த முகத்துடன். "இதுல எல்லாம் அவசரமே படக் கூடாது. நிதானமாப் பாரு. அடுத்த வருஷம்கூட ஆகட்டும்." வேலிக்கு மேலாக ஒரு ஜாடி வெள்ளரிக்காய் ஊறுகாயையும் நீட்டினார்.

இப்படி ஆறுதல் சொல்ல ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று ஹார்லன் நெகிழ்ந்தார்.

நீலத் தார்ப்பாய் எதையும் மறைக்கவில்லை, விளம்பரப்படுத்தியது. மாலைக்குள், கல்லூரி புதிய பீரங்கி வாங்கியிருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. இரவு உணவுக்குள் அது இரட்டைக்குழல் பீரங்கி ஆயிற்று. வெள்ளிக்கிழமை காலைப் பத்திரிகையில் 'சனிக்கிழமை ஒரு பேரதிர்ச்சி' என்று வந்தது. நுழைவுச்சீட்டு முழுதும் விற்றுத் தீர்ந்தது.

டாலிவர் தொலைபேசியில் உருகினார். "எங்கிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருக்கீங்களே ஹார்லன். உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். தார்ப்பாயை நானே என் கையால விலக்கறேன்."

ஹார்லன் ஊறுகாய் ஜாடியைக் காலி செய்துவிட்டு, மைத்துனர் வெர்லினின் பண்ணைக்கு வண்டியை விட்டார். வெர்லின் சூரியகாந்தி பயிரிடுபவர். விதையைத் தின்ன வரும் பறவைகளை விரட்ட, சமையல் கேஸில் வெடிக்கும் குழாய் ஒன்று வைத்திருந்தார்.

"சத்தம் எப்படி மச்சான்?"

"பத்து ஏக்கருக்கு ஒரு பறவை நிக்காது."

"சுவிட்சைப் போட்டாப் போதும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

லவான் அந்தக் குழாயைப் பார்த்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "புறாவைக் காப்பாத்த, புறா விரட்டற வெடியா கொண்டு வந்திருக்க?"

"வாயை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன். ஒரு டச்டவுன், ஒரு டுமீல். டாலிவர் திருப்தி ஆயிடுவான். வேற வழி இருந்தாச் சொல்லு."

அவள் குழாயைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தாள்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. எதிரணி பிராக்டன், லீக்கின் முதலிடத்தில் இருந்தது. ஹார்லன் குழாயைத் தார்ப்பாயின் பின்புறம் ஒளித்து வைத்து, ஆயத்தமாக இருக்கட்டும் என்று சுவிட்சைப் போட்டு வைத்தார். குழாய் மெல்லச் சீறியது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் பிராக்டன் வீரன் ஒருவன் நடந்தே போய் டச்டவுன் போட்டான். டுமீல் என்று வெடித்தது.

ஹார்லன் குழாயைத் தொடக்கூட இல்லை. பிராக்டன் ஆதரவாளர்கள் எழுந்து நின்று கைதட்டினர். எதிரணிக்கும் மரியாதை செய்யும் ஊரை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

இரண்டாவது வெடி, தொலைந்துபோன கார்ச் சாவியைப் பற்றி அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தபோது வெடித்தது. மூன்றாவது, வாத்தியக் குழுவின் மென்மையான பகுதியில் வெடித்தது. புல்லாங்குழல்காரி தன் குழலை டிரம்முக்குள் போட்டுவிட்டாள். ஹார்லன் தொலைபேசியை எடுத்தார்.

"வெர்லின், இது தானா வெடிக்குதுடா."

"தானாத்தான் மச்சான் வெடிக்கும். வயல்ல யாரு நின்னு வெடிச்சுக்கிட்டு இருப்பா? உள்ள கடிகாரம் இருக்கு."

"எப்படி நிறுத்தறது?"

"நிறுத்தற பித்தான் போன வருஷமே உடைஞ்சு போச்சு. கேஸ் தீந்தா நிக்கும்."

"எப்பத் தீரும்?"

"நேத்துதான் ரொப்பினேன். கவலைப்படாத, சத்தம் கொறையவே கொறையாது."

"புறா பயந்துடாதா?"

"உண்மையைச் சொல்லவா? ரெண்டே நாள்ல பழகிடும். என் வயல்ல அது மேலயே உக்காந்துதான் விதை உரிக்குதுங்க."

ஹார்லன் தார்ப்பாயின் இடுக்கு வழியே பார்த்தார். புறா கண்ணை மூடி உறங்கிக்கொண்டிருந்தது.

முதல் வரிசையில் திருமதி பென்னர் தம் மேலங்கியைக் கழுத்து வரை பொத்தானிட்டிருந்தார். ஜெனரல் அவர் மடியில் இல்லை. மேலங்கியின் கீழ்விளிம்பில் ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டு நடுங்கியது. அவருக்குக் குளிர் போலும் என்று ஹார்லன் எண்ணினார். மேற்கொண்டு எண்ண நேரமில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் பிராக்டன் அறுபது புள்ளிகளைத் தாண்டியிருந்தது. எல்ம்ஃபோர்க்கின் கணக்கு தொடங்கப்படவே இல்லை. அப்போது பந்து, அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருந்த டேரியஸ் என்னும் மெலிந்த பையனின் கைக்கு வந்தது. அதே கணத்தில் குழாய் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெடியை வெடித்தது.

பிராக்டன் ஊரில் ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதி முடியும்போதும் துப்பாக்கி வெடிப்பது வழக்கம். ஆகவே பிராக்டன் வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் குடிக்க நடந்தனர். எல்ம்ஃபோர்க் மூத்த வீரர்களோ, சென்ற ஆண்டுப் பழக்கத்தில், தாங்கள் டச்டவுன் போட்டுவிட்டதாகவே எண்ணி ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு அழுதனர். இந்த இரண்டு வழக்கமும் அறியாதவன் டேரியஸ் ஒருவனே. அவன் ஓடினான். துரத்துவார் ஒருவரும் இல்லாததைக் கண்டு அச்சம் மேலிட, இன்னும் விரைவாக ஓடினான். நடுவர் விசில் ஊதவில்லை. டேரியஸ் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததும், வேறு வழியின்றி இரு கைகளையும் உயர்த்தினார்.

டச்டவுன்.

மைதானம் முழுதும் பீரங்கியின் பக்கம் திரும்பியது. ஹார்லன் குழாயைப் பார்த்தார். அது 'ஃபுஸ்' என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது.

"வெடி, வெடி," என்று கூட்டம் தாளம் போட்டது.

டாலிவர் படிகளில் தாவி இறங்கி வந்தார். "என்ன ஹார்லன், கண்டதுக்கெல்லாம் வெடிச்சீங்க, இப்ப நிக்கறீங்க?"

"சார், வேண்டாம், அதைத் தொடாதீங்க," என்றார் ஹார்லன்.

டாலிவர் தார்ப்பாயை இழுத்து எறிந்தார்.

மைதானத்தின் பெருந்திரையில், பீரங்கி வாயின் விளிம்பில், இறகு முளைக்காத இரண்டு சிறு தலைகள் எழுந்து, ஊர் முழுவதையும் நோக்கி வாயைத் திறந்தன. அவற்றின் பின்னிருந்து தாய்ப்புறா எட்டிப்பார்த்து, டாலிவரின் கையில் ஓர் அறை அறைந்தது.

அடுத்த கணம், "அடி செல்லமே," என்று ஆயிரக்கணக்கான குரல்கள் குழைந்தன. பிராக்டன் பயிற்சியாளர்கூடத் தொப்பியைக் கழற்றினார். வென்ற மகிழ்ச்சியில் கோல் கம்பத்தைப் பிடுங்குவது அந்த நாட்டு வழக்கம். அன்றோ, அறுபது புள்ளிக்கு மேல் வாங்கித் தோற்ற அணியின் ஆதரவாளர்கள் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, டேரியஸை அதன்மேல் ஏற்றி, ஊர்வலம் போனார்கள்.

டாலிவர் கையைத் தடவியபடி திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அறியாமல் எவரும் இயக்குநர் ஆவதில்லை.

"இந்தப் பீரங்கியை யாரும் தொடக் கூடாது," என்றார். "பூங்காவும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். குஞ்சுங்க பறந்த பின்னாடி நீங்களே வெடிங்க ஹார்லன். எந்நாளும் நீங்களே வெடிங்க."

ஹார்லன் சிவப்புத் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, நேராக வைத்துக்கொண்டார்.

அப்போது திருமதி பென்னர், மேலங்கியை இரு கைகளாலும் அணைத்தபடி, அவர்களிடம் வந்தார். மேலங்கி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"டாலிவர், இதைவிடப் பலமான லீக் எங்கயாவது இருக்கா? அங்க மாத்திடுங்க. செலவை நான் பாத்துக்கறேன்."

டாலிவரின் கண்கள் கலங்கின. "பாத்தீங்களா ஹார்லன், ஒரே ஒரு டச்டவுனுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை." தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே அவர் ஓடினார்.

ஹார்லனுக்கு மனம் கேட்கவில்லை. "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இந்த லீக்லயே இந்த வருஷம் இந்த ஒண்ணுதான் போட்டோம். அதுவும் தெரியாம நடந்தது. இதைவிடப் பலமான எடத்துக்குப் போனா ஒண்ணுகூடப் போட முடியாது."

திருமதி பென்னர் மேலங்கியின் மேற்பொத்தானைக் கழற்றி, உள்ளே ஒடுங்கிக் கிடந்த ஜெனரலின் காதுகளை மெல்லப் பொத்தினார்.

"வேற எதுக்கு ஹார்லன் மாத்தச் சொல்றேன்? இவனுக்கு வெடிச் சத்தம் ஆகாதுன்னுதானே, நீங்க எல்லைக்கோட்டையே தாண்ட முடியாத லீக்காத் தேடிப் புடிச்சு உங்களைக் கொண்டுபோய்ச் சேத்தேன்."