கட்டிலின் மறுமுனை

மனிதன் மனிதனுக்கு ஆற்றக்கூடிய தொண்டுகளுள் தலையாயது செவி கொடுத்தலே என்பது எங்கள் சங்கத்தின் கொள்கை. வாரந்தோறும் ஒரு மாடி அறையில் வட்டமாக அமர்ந்து, ஒருவர் துயரத்தை மற்றவர் கேட்போம். எந்த உணர்ச்சிக்கும் இங்கே தடையில்லை; சில சிறு ஒழுங்குகள் மட்டுமே உண்டு. அழலாம், மூக்கைச் சிந்தும் ஓசை கூடாது. கோபப்படலாம், அறையில் இருப்பவர்மீது கூடாது. கேட்பவர் யோசனை சொல்லக்கூடாது; உதவுகிறேன் என்று கிளம்பவே கூடாது. உதவி என்பது துயரத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று, சங்கத் தலைவன் என்ற முறையில், பலர் கொட்டாவி விடும்வரை நான் விளக்கியிருக்கிறேன்.

அன்று மூக்குக்கண்ணாடிக் கடை அக்கா பேசினார். நெடுநாள் படுக்கையில் கிடந்த அவருடைய தாய் சென்ற மாதம்தான் காலமானார்.

"அம்மாவோட இரும்புக் கட்டில் அறையை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுல படுக்கவும் முடியல, அதைப் பார்த்துக்கிட்டுத் தூங்கவும் முடியல. சமையலறையிலதான் படுக்கிறேன். தனியா இழுத்துப் பார்த்தேன், அசைய மாட்டேங்குது. மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். யாராவது வர்றீங்களா?"

அறையே உருகியது. போட்டோ ஸ்டுடியோ நடத்தும் எங்கள் பொருளாளர் கண்களை மூடிக்கொண்டார்.

"அக்கா, அந்தக் கட்டில் உண்மையில என்னன்னு யோசிச்சீங்களா?"

"இரும்பு."

"அதுக்கும் உள்ளே?"

"துரு."

யோகா டீச்சர் கனிவோடு குனிந்தார். "அந்தக் கனம் உங்க உடம்புல எங்க தெரியுது?"

"இடுப்புலம்மா. நேத்து இழுத்ததுல பிடிச்சுக்கிச்சு."

அப்போது, புதிதாகச் சேர்ந்திருந்த வேன் டிரைவர் எழுந்தார். "நான் வர்றேன்க்கா. வண்டி கீழதான் நிக்குது."

நல்லவேளை, நான் விழிப்பாக இருந்தேன். "உட்காருங்க தம்பி. அவங்க துக்கத்தை நீங்க தூக்கிக்கிட்டுப் போகக்கூடாது."

"துக்கத்தை இல்ல சார், கட்டிலை."

உதவுவதற்கு அவர் ஏன் இப்படித் துடிக்கிறார் என்று ஆராய்ந்தோம். அவருடைய பால்ய காலம்வரை சென்றோம். இறுதியில் அவரும் விம்மினார். வண்டி கீழேயே நின்றது.

அக்கா எழுந்தார். "அம்மா போனதைச் சொன்னப்பவும் இப்படித்தான் தலையாட்டினீங்க. ஒருத்தராவது வாசப்படி மிதிச்சீங்களா?"

ஒழுங்கு மீறப்பட்டது. ஆயினும் நாங்கள் பெருந்தன்மை உடையவர்கள். "எனக்குள் ஒரு வெறுமை இருக்கிறது" என்று அதையே மாற்றிச் சொல்லலாமே என்று எடுத்துக்கொடுத்தேன்.

"வெறுமை இல்ல சார். கடுப்பு!"

மூக்கைச் சிந்தியபடி, அதுவும் ஓசையோடு, அவர் படியிறங்கிப் போனார். அவருடைய சுடுசொல்லால் புண்பட்ட நாங்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். சங்க வரலாற்றில் அத்தனை கண்ணீர் பெருகிய கூட்டம் வேறில்லை.

மறுநாள் காலை என் மனசாட்சி என்னை உலுக்கியது. அக்காவின் வீடு அடுத்த தெருதான். சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தேன். அந்தக் கணத்தில் ஓர் உயர்ந்த எண்ணம் உதித்தது: ஒரு கட்டிலை நகர்த்துவதினும் உலகத்தின் உள்ளத்தை நகர்த்துவது மேலன்றோ? செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து அமர்ந்து, இக்கதையை எழுதினேன். பாதி எழுதும்போதே அழுதுவிட்டேன். முடித்ததும் அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார். "நல்லாருக்கு சார். சரி, எத்தனை மணிக்கு வர்றீங்க?"

வாசக அன்பர்களே! என் முதுகு அத்தனை உறுதியானதன்று. உங்களுள் தோள்வலிமை மிக்கவர் எத்தனையோ பேர். ஆகவே அக்காவுக்குரிய பதிலை உங்களிடமே ஒப்படைக்கிறேன். இதைப் படித்து உள்ளம் நெகிழ்ந்தவர்கள் மட்டும் எழுந்திருங்கள்.

உட்கார்ந்தேதான் இருக்கிறீர்கள். வாருங்கள், சங்கத்தில் இடமிருக்கிறது.